மண்சரிவு மாதிரிப் பெட்டி கட்டப் போகிறீர்களா? தருமபுரி, கிருஷ்ணகிரி சிவில் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2021 நவம்பர் 12 அதிகாலை தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவே தண்டவாளத்தில் பாறைகள் விழுந்து கண்ணூர் – யஷ்வந்த்பூர் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. இதையெல்லாம் பார்த்த பிறகு இறுதியாண்டு புராஜெக்டுக்கு "மழையால் ஏற்படும் மண்சரிவு" என்று தலைப்பு வைக்கலாமா என்று கேட்டு வரும் தம்பி தங்கைகள் நிறையப் பேர். வைக்கலாம். ஒரு கண்ணாடிப் பெட்டி, கொஞ்சம் மண், மேலே செயற்கை மழை, பக்கத்தில் கேமரா. பார்க்க எளிது. ஆனால் இதில் எங்கெங்கே காலும் காசும் மாட்டும் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்வதில்லை. நான் மாட்டிக்கொண்டு கற்றதை வரிசையாகச் சொல்கிறேன்.

இங்கே சொல்வது சாதாரணத் தரையில் வைத்துச் செய்யும் மாதிரிக்கு மட்டும். மையவிலக்கு இயந்திரத்தில் வைத்துச் சுழற்றும் சோதனை வேறு உலகம். அதைப் பற்றி இரண்டாம் படியில் நாலு வரி உண்டு.

1. முதலில் ஒரே ஒரு கேள்வி

"தொப்பூர் மலைச்சரிவு எப்போது விழும்?" என்பதற்கு ஒரு மீட்டர் பெட்டி பதில் சொல்லாது. அதைத் தலைப்பில் எழுதினால் முதல் ரிவ்யூவிலேயே கிழித்துவிடுவார்கள். பெட்டி பதில் சொல்லும் கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். ஒரே மண், ஒரே மழை. சரிவின் கோணத்தை மட்டும் மாற்றினால் விழும் நேரம் எப்படி மாறுகிறது? அடிவாரத்தில் கப்பிக்கல் வடிகால் வைத்தால் உள்ளே நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது? விரிசலில் நீர் இறங்கினால் சறுக்குத்தளம் ஆழமாகிறதா?

இதில் ஒன்றை எடுங்கள். இரண்டு வேண்டாம். ஒவ்வொரு அமைப்பையும் குறைந்தது மூன்று முறை ஓட்ட வேண்டும். கோணம் மூன்று, மழையளவு மூன்று என்று வைத்தாலே இருபத்தேழு ஓட்டம் ஆகிவிடும். ஒரு செமஸ்டரில் நடக்காத காரியம்.

2. பெட்டிக்கு முன்னால் பேப்பர் கணக்கு

பணம் செலவழிக்கும் முன் இந்தப் படியை முடித்துவிடுங்கள். நிறையப் பேர் இங்கேதான் கவிழ்கிறார்கள்.

ஊரில் எட்டு மீட்டர் உயரத்துக்கு ஒரு வெட்டுச்சரிவு, அதாவது மேட்டை வெட்டியதால் உண்டான சரிவு, இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே செம்மண்ணை அள்ளி வந்து நாற்பது சென்டிமீட்டர் உயரத்துக்கு மாதிரி கட்டுகிறீர்கள். இருபதில் ஒரு பங்கு. மழை பெய்யவைக்கிறீர்கள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், மறுநாள் காலை. மேலே கொஞ்சம் அரிப்பு வரும். சரிவு மட்டும் அசையாது.

காரணம் எளிது. உயரத்தை இருபதில் ஒன்றாகக் குறைத்தீர்கள். மண்ணின் எடையால் வரும் அழுத்தமும் இருபதில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் மண்ணின் கோஹிஷன், அதாவது துகள்கள் ஒன்றையொன்று ஒட்டிப் பிடிக்கும் வலு, குறையவில்லை. டெய்லர் 1937-இல் சொன்ன நிலைப்பு எண்ணின் அடிப்படையே இதுதான்: கோஹிஷனை, எடையடர்த்தி பெருக்கல் உயரத்தால் வகுத்துப் பாருங்கள். கோஹிஷன் 10 கிலோபாஸ்கல், எடையடர்த்தி கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் என்றால் எட்டு மீட்டர் சரிவில் இந்த விகிதம் சுமார் 0.07. நாற்பது சென்டிமீட்டர் மாதிரியில் 1.4. இருபது மடங்கு வலுவான சரிவைக் கட்டிவைத்துவிட்டு விழவில்லையே என்று உட்கார்ந்திருக்கிறோம். 10 கிலோபாஸ்கல் கோஹிஷன் உள்ள மண், உராய்வே இல்லை என்று வைத்தாலும், செங்குத்தாக 2.2 மீட்டர் வரை நிற்கும். நான்கு மடங்கு கோஹிஷனை எடையடர்த்தியால் வகுத்தால் கிடைக்கும் எண் அது.

மாதிரியிலும் அசலிலும் ஒரே விகிதம் வர வேண்டுமென்றால் மாதிரி மண்ணின் கோஹிஷன் 0.5 கிலோபாஸ்கல்தான் இருக்க வேண்டும். அதாவது கிட்டத்தட்ட மணல். மணலோடு சிறிதளவு நுண்மண் அல்லது வெள்ளைக் களிமண் தூள் கலந்து இந்த அளவுக்குக் கொண்டுவரலாம். ஊர் மண்ணை அப்படியே போடுவதைவிட இதுதான் ஊர்ச் சரிவுக்கு நெருக்கம். கைடுக்கு இதைப் புரியவைப்பது கொஞ்சம் கஷ்டம். மேலே உள்ள கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள், ஒப்புக்கொள்வார்.

அசல் மண்ணே வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் மையவிலக்கு இயந்திரம்தான் வழி. இருபதில் ஒரு பங்கு மாதிரியைப் புவியீர்ப்பைப் போல இருபது மடங்கு விசையில் சுழற்றினால் அழுத்தம் அசலுக்குச் சமமாகிவிடும். மும்பை ஐ.ஐ.டி.யில் 4.5 மீட்டர் ஆரத்தில் பெரிய இயந்திரம் இருக்கிறது. இளநிலை மாணவருக்கு எட்டுகிற தூரமில்லை.

கோணத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஈரமணலில் குழந்தைகள் கட்டும் வீடு நிற்பது போல, கோஹிஷனே இல்லாத மணல்கூட ஈரத்தின் உறிஞ்சு விசையால் 45 பாகையில் நிற்கும். நனைந்து நிறைந்ததும் அந்த விசை போய்விடும், சரிவு விழுந்தே தீரும். ஆக 45 பாகை வைத்தால் விடை "எப்போது" என்பது மட்டும். "விழுமா, விழாதா" என்று பார்க்க 30 பாகைக்குப் பக்கத்தில் வையுங்கள். உராய்வுக் கோணம் (காய்ந்த மணல் சரியாமல் நிற்கும் உச்சக் கோணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்) 34 பாகை உள்ள மணல், சரிவுக்கு இணையாக நீர் கசியும்போது 19 பாகைக்கு மேல் தாங்காது. அதனால் 30 பாகைச் சரிவு காய்ந்த நிலையில் நிற்கும், உள்ளே நீர்மட்டம் மேலேறினால் போய்விடும். நல்ல சோதனை.

3. மண்ணும் அனுமதிக் காகிதங்களும்

மாதிரிக்கு மணல் கலவை போட்டாலும், ஒப்பிடுவதற்கு ஊர் மண்ணின் குணங்கள் வேண்டும். அதற்கு இரண்டு மூட்டை போதும். எங்கிருந்து எடுப்பது?

வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்றால் ஓட்டமாக ஓடிப்போய் அள்ளி வராதீர்கள். அங்கெல்லாம் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு பிடி மண்கூட எடுக்கக் கூடாது. அந்த அனுமதி உங்கள் செமஸ்டருக்குள் வரும் என்று நம்பவும் முடியாது. ரயில்வே வெட்டுச்சரிவு அதைவிட மோசம். ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவின்படி அத்துமீறி நுழைவதே குற்றம். நான்குவழிச்சாலை ஓரமும் வேண்டாம். தொப்பூர் கணவாயில் வண்டியை ஓரங்கட்டி நிற்பதே உயிருக்கு ஆபத்து.

பட்டா நிலத்தில் எடுங்கள். வீடு கட்டவோ கிணறு வெட்டவோ சரிவை வெட்டிய இடம் மலையடிவாரக் கிராமங்களில் கட்டாயம் இருக்கும். கையில் வைத்திருக்க வேண்டியவை:

கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட கடிதம். அதில் நோக்கம், இடம், "100 கிலோவுக்கு மிகாமல்" என்று எடை மூன்றும் இருக்க வேண்டும். எடை எழுதாத கடிதத்தை யாரும் மதிப்பதில்லை.

நில உரிமையாளரின் சம்மதக் கடிதம், சர்வே எண்ணோடு. பட்டா நகலை அரசின் இணையதளத்திலேயே இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை. "சார், இது பட்டாவா, புறம்போக்கா, காட்டு எல்லையா?" என்று கேட்டு அந்த சர்வே எண்ணை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பட்டா நிலம் என்று உரிமையாளர் சொல்லும் இடத்தில் பாதி புறம்போக்காக இருப்பது நம் பக்கம் சகஜம்.

வண்டியில் மண்மூட்டையோடு வரும்போது அசல் கடிதங்கள் கூடவே இருக்கட்டும். கனிமம் கடத்துகிறீர்கள் என்று யாராவது நிறுத்தினால் செல்போனில் உள்ள படம் எடுபடாது.

மாதிரிக்கான மணலை ஆற்றில் அள்ளும் எண்ணமே வேண்டாம். ஹார்டுவேர் கடையில் பி சாண்ட் (பூச்சு வேலைக்கான செயற்கை மணல்) வாங்கிச் சலித்துக்கொள்ளுங்கள். பில் வாங்கி வையுங்கள். கல்தூள் நிறைய இருக்கும். கழுவினால் போகும், ஆனால் எல்லாவற்றையும் ஒரே அளவாகக் கழுவுங்கள். பணம் இருந்தால் எண்ணூர் தரமணல் உத்தமம். மூன்று தரம் உண்டு: 1 முதல் 2 மில்லிமீட்டர், 0.5 முதல் 1, 0.09 முதல் 0.5. மாதிரிக்கு மூன்றாம் தரம். மணல்துகள் பெரிதாக இருந்தால் சறுக்குப் பட்டையும் தடிக்கும். அந்தப் பட்டையின் தடிமன் சராசரித் துகளின் பத்து, பதினைந்து மடங்கு வரும். இரண்டு மில்லிமீட்டர் மணல் போட்டால் மூன்று சென்டிமீட்டர் தடிப்புக்குப் பட்டை வந்துவிடும், நாற்பது சென்டிமீட்டர் சரிவில் அது பொருந்தாது.

4. மண் சோதனைகள்: ரிப்போர்ட்டை அப்படியே நம்பாதீர்கள்

மண் சோதனைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2720 வரிசையில் உங்களுக்குத் தேவையானவை: துகள் எடையடர்த்திக்கு 3-ஆம் பகுதி, சல்லடைப் பகுப்பாய்வுக்கு 4, திரவ, நெகிழ் எல்லைகளுக்கு 5, இறுக்கத்துக்கு 7, நேரடி வெட்டுச் சோதனைக்கு 13, நீர்கடத்துத் திறனுக்கு 17. இவற்றைக் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யலாம். வெளியே கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் ஆயிரக்கணக்கில் கேட்பார்கள்.

பொறி இருப்பது வெட்டுச் சோதனையில். வழக்கமாக 50, 100, 200 கிலோபாஸ்கல் செங்குத்து அழுத்தத்தில் செய்வார்கள். உங்கள் மாதிரியின் அடியில் இருப்பதே 7 கிலோபாஸ்கல்தான். 50-க்கு மேல் எடுத்த மூன்று புள்ளிகளில் கோடு போட்டு இடதுபக்கம் நீட்டினால், அது செங்குத்து அச்சை 5 கிலோபாஸ்கலில் வெட்டும்; "மணலுக்குக் கோஹிஷன் 5" என்று ரிப்போர்ட் வரும். அந்த எண்ணைக் கணக்கில் போட்டால் மாதிரி எந்தக் காலத்திலும் விழாது என்று விடை வரும்.

குறைந்த அழுத்தத்தில் செய்யுங்கள். 60 மில்லிமீட்டர் சதுரப் பெட்டியில் ஒரு கிலோ எடை 2.7 கிலோபாஸ்கல். நெம்புகோலை விட்டுவிட்டு 2, 4, 6 கிலோ எடைகளை நேராக மேலே வையுங்கள். மேல்தட்டின் எடையையும் கூட்ட மறக்க வேண்டாம். உராய்வுக் கோணம் வழக்கத்தைவிடக் கூடுதலாக வரும். குறைந்த அழுத்தத்தில் இறுகிய மணல் விரிந்து எதிர்ப்பதால் அப்படி. அதனால் மாதிரியை ஊர் மண்ணைவிடச் சற்றுத் தளர்வாகவே நிரப்ப வேண்டும்.

5. பெட்டி

நான் பரிந்துரைக்கும் அளவு: நீளம் 120, அகலம் 50, உயரம் 70 சென்டிமீட்டர். அகலம் சரிவின் உயரத்தைவிடக் குறையக் கூடாது. ஒல்லியான பெட்டியில் பக்கச் சுவரின் உராய்வே சரிவைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது எடை. பத்து சென்டிமீட்டர் அடித்தளம், 45 பாகையில் நாற்பது உயரச் சரிவு, மேலே நாற்பது அகலத்தில் சமதளம் என்றால் 0.18 கன மீட்டர் மண் வரும். உலர் எடை 270 கிலோ. தண்ணீரும் சட்டமும் சேர்ந்தால் நானூறைத் தாண்டும். அது நிற்கும் இடம் 0.6 சதுர மீட்டர். கல்லூரி மாடித் தளங்கள் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 300 கிலோ சுமைக்கு வடிவமைக்கப்பட்டவை. கீழ்த்தளத்தில் வையுங்கள், வடிகால் பக்கத்தில் இருக்கட்டும். பிறகு நகர்த்தலாம் என்று நினைக்காதீர்கள்.

வெல்டிங் பட்டறையில் முதல் கேள்வியே "மீன்தொட்டியா தம்பி?" என்றுதான் வரும். "இல்லண்ணே, உள்ள ஆறு ஆள் வெயிட்டு மண்ணு நிக்கும்" என்று சொல்லுங்கள்; உடனே ஆங்கிள் சைஸை மாற்றுவார். நெடுக்கில் 30, 40 சென்டிமீட்டருக்கு ஒரு செங்குத்துத் தாங்கல் கட்டாயம். இல்லையென்றால் நனைந்த மண்ணின் அழுத்தத்தில் பக்கத்தட்டு பிதுங்கும். பிதுங்கினால் மண் பக்கவாட்டில் தளர்ந்து முடிவே மாறும்.

கேமரா பக்கம் 10 மில்லிமீட்டர் டஃபண்ட் (சூடேற்றி வலுவாக்கிய) கண்ணாடி, அக்ரிலிக் வேண்டாம். அக்ரிலிக்கை மணல் இரண்டே ஓட்டத்தில் கீறிவிடும், படம் மங்கும். ஆனால் டஃபண்ட் ஆன பிறகு வெட்டவோ துளைபோடவோ முடியாது. அளவை இரண்டு முறை சரிபார்த்து ஆர்டர் கொடுங்கள். பின்பக்கம் மரைன் பிளைவுட் போதும். குழாய், வயர் துளைகளெல்லாம் அந்தப் பக்கம்.

பின்கோடியில் பத்து சென்டிமீட்டர் விட்டு, துளையிட்ட தகடும் கொசுவலையும் வைத்து ஒரு தண்ணீர் அறை அமையுங்கள். மழை இல்லாமல் நிலத்தடி நீரை மட்டும் உயர்த்திப் பார்க்க அது உதவும். அடிவாரத்தில் ஒரு வடிகுழாய். சிலிகான் பூசி ஒரு நாள் காயவிட்டு, மண் போடும் முன் வெறும் தண்ணீர் நிரப்பிக் கசிவு பாருங்கள்.

ஓசூரில் சிப்காட்டைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளில் வேலை சுத்தமாக இருக்கும், கூலி கூடுதல். தருமபுரியில் மலிவு, ஆனால் கல்யாண மண்டப கேட் வேலை வந்தால் உங்கள் பெட்டி ஓரமாகப் போய்விடும். முடிக்கும் தேதியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அட்வான்ஸ் பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள்.

6. மழை: ஷவர் வேண்டாம்

ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர் என்பது ஒரு மில்லிமீட்டர் மழை. உங்கள் பெட்டியின் பரப்பு 0.6 சதுர மீட்டர். குளியலறை ஷவர் நிமிடத்துக்கு எட்டு லிட்டர் என்று வைத்தால் மணிக்கு 800 மில்லிமீட்டர் மழை. ஊத்தங்கரையில் கொட்டிய அந்த 50 சென்டிமீட்டரை 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் சராசரி மணிக்கு 21 மில்லிமீட்டர்தான். பெட்டிக்கு அது நிமிடத்துக்கு 0.2 லிட்டர். மணிக்கு 60 மில்லிமீட்டர் வேண்டுமென்றாலும் நிமிடத்துக்கு 0.6 லிட்டர் போதும். இதைக் கணக்குப் போடாமல் தோட்டத்து ஷவரைக் கட்டித் தொங்கவிட்டு, "மழையில் சரிவு பத்து நிமிடத்தில் விழுந்தது" என்று எழுதிய ரிப்போர்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அது மழையே இல்லை.

இதற்கான சாமான் நம் ஊரிலேயே மலிவாகக் கிடைக்கும்: சொட்டுநீர்ப் பாசனக் கடை. ஃபாகர் நாசில், டிஸ்க் ஃபில்டர், பிரஷர் கேஜ், 16 மில்லிமீட்டர் குழாய் எல்லாம் ஒரே இடத்தில். நாசில் எந்த அழுத்தத்தில் மணிக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டு வாங்குங்கள். சின்ன 12 வோல்ட் டயாபிரம் பம்ப் போதும். கடைக்காரர் தக்காளித் தோட்டத்துக்கு என்று நினைத்துப் பெரிய நாசிலை எடுத்துவைப்பார், சின்னதைக் கேளுங்கள்.

போர்வெல் தண்ணீரை நாசிலில் விடாதீர்கள். நம் மாவட்டத் தண்ணீரின் உப்பு நாலைந்து ஓட்டத்திலேயே துளையை அடைத்து, ஒரு பக்கம் மட்டும் மழை பெய்யும். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பயன்படுத்துங்கள். அடைத்துவிட்டால் வினிகரில் ஊறவையுங்கள். குண்டூசியால் குத்தினால் துளை பெரிதாகி நாசிலே பாழ்.

மண் போடும் முன் மழையைச் சரிபார்க்க வேண்டும். ஒரே அளவு டம்ளர் இருபதைக் கட்டம் கட்டி அடுக்கி, பதினைந்து நிமிடம் மழைவிட்டு ஒவ்வொன்றையும் அளந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு டம்ளரும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அந்த விலகல்களின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் கிறிஸ்டியன்சன் சீர்மை எண். நூறுக்கு 80-க்கு மேல் வர வேண்டும். வராவிட்டால் நாசிலின் உயரத்தையும் இடைவெளியையும் மாற்றிப் பாருங்கள். அறையில் ஃபேன் ஓடினாலே எண் குறையும். இந்த அட்டவணை கட்டாயம் ரிப்போர்ட்டில் போக வேண்டும், வைவாவில் கேட்பார்கள்.

7. மண் நிரப்புவது

காய்ந்த மணலை எடைபோட்டு, ஆறு சதவீதம் தண்ணீர் சேர்த்துப் பிசறி, தார்ப்பாயால் மூடி ஒரு இரவு விடுங்கள். மறுநாள் ஈரப்பதத்தை அளந்து உறுதிப்படுத்துங்கள்.

கண்ணாடியில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். தண்ணீர் அறை போக, முழு நீள அடுக்கு ஒன்று 27,500 கன சென்டிமீட்டர். உலர் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம் வேண்டுமென்றால் 41.25 கிலோ உலர் மணல், ஈரத்தோடு 43.7 கிலோ. அதைச் சரியாக எடைபோட்டுக் கொட்டி, தட்டையான மரக்கட்டையால் கோடு வரை இடித்து இறக்குங்கள். எத்தனை அடி அடித்தீர்கள் என்பதைவிடக் கோட்டுக்கு வந்ததா என்பதுதான் முக்கியம். அடுத்த அடுக்கு போடும் முன் மேற்பரப்பை ஆணிச்சீப்பால் கீறிவிடுங்கள். இல்லையென்றால் அடுக்குக்கு நடுவே வழவழப்பான தளம் உண்டாகி, சரிவு அங்கேதான் சறுக்கும். அதை ஏதோ கண்டுபிடிப்பு என்று எழுதிவிடுவோம்.

மேல் அடுக்குகளைச் சரிவுக் கோட்டுக்கு ஐந்து சென்டிமீட்டர் வெளியே வரை நிரப்பி, கடைசியில் மட்டப்பலகையால் சீவி எடுங்கள். மேலே சமதளத்தை ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பக்கச் சுவரில் சிலிகான் எண்ணெய் மெல்லியதாகத் தடவினால் உராய்வு குறையும்.

ஒவ்வொரு அடுக்கின் ஓரத்திலும் கண்ணாடியை ஒட்டி வெள்ளைக் கோலமாவு ஒரு கோடு இழுங்கள். கல்மாவாக இருக்க வேண்டும். அரிசிமாவு கரையும், எறும்பும் வரும். கலர் கோலப்பொடி நனைந்ததும் ஓடிவிடும். சரிவு நகரும்போது இந்த வெள்ளைக் கோடுகள் உடைந்து காட்டும் இடம்தான் சறுக்குத்தளம். செலவு ஒரு பாக்கெட் கோலமாவு, துல்லியம் மில்லிமீட்டர் கணக்கில்.

8. அளவிடும் கருவிகள்

ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர். எஸ்.பி. ரோட்டில் ஆர்டுயினோ, ஈரப்பதச் சென்சார், சாய்வுச் சென்சார் எல்லாம் தொட்டுப்பார்த்து வாங்கலாம். இணையத்தில் வாங்கினால் பழுதானதை மாற்ற ஒரு வாரம் போய்விடும்.

மலிவான கெப்பாசிட்டிவ் ஈரப்பதச் சென்சாரின் பலகை ஓரங்கள் மூடப்படாமல் இருக்கும். தண்ணீர் ஏறி எண் தாறுமாறாக ஓடும். ஓரத்தில் நெயில்பாலிஷ் இரண்டு பூச்சு. அது காட்டும் எண் ஈரப்பதம் அல்ல. உங்கள் மணலை ஐந்தாறு ஈர அளவில் கலந்து, 105 முதல் 110 பாகை சூட்டடுப்பில் உலர்த்திய அளவோடு ஒப்பிட்டு வரைபடம் போட்டால்தான் அது ஈரப்பதம்.

நீரழுத்தத்துக்கு இணையத்தில் கிடைக்கும் 1.2 மெகாபாஸ்கல் சென்சாரை வாங்காதீர்கள். உங்கள் பெட்டியில் வரக்கூடிய அதிகபட்ச நீரழுத்தமே 4, 5 கிலோபாஸ்கல். அந்தச் சென்சாரின் பிழையே அதைவிடக் கூடுதல். கொத்தனார் லெவல் டியூபைத் துண்டுபோட்டு, நுனியில் துணி கட்டி, பின்பலகைத் துளை வழியாக அடிப்பகுதியில் செருகி, வெளியே ஸ்கேல் பக்கத்தில் நிமிர்த்தி ஒட்டுங்கள். பத்து சென்டிமீட்டர் நீர் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோபாஸ்கல். கண்ணால் படிக்கலாம், பேட்டரி வேண்டாம்.

செல்போனை ஸ்டாண்டில் கண்ணாடிக்கு நேர்செங்குத்தாக வைத்து, ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் செய்யுங்கள். ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்து வீடியோ நின்று போனால் அந்த ஓட்டமே வீண். எல்.இ.டி. விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் கண்ணாடியில் உங்கள் முகம் தெரியாது.

9. ஓட்டும் நாள்

குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஒருவர் மழை, ஒருவர் டியூப் அளவு, ஒருவர் கடிகாரமும் நோட்டும். நோட்டில் நிகழ்ச்சியை எழுதுங்கள். வீடியோ இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

முதலில் ஒன்றும் நடக்காது. ஈரமுகப்பு ஒரு கறுத்த கோடாக மேலிருந்து மெதுவாக இறங்கும். அது அடித்தளத்தைத் தொட்டதும் டியூபில் நீர் ஏறத் தொடங்கும். அடிவாரம் முதலில் மினுமினுக்கும். நாலைந்து மணல்துகள் உருண்டு வரும், அப்புறம் ஒரு கை அளவு மண் கூழாகி நகரும். அந்தச் சமயத்தில் எல்லோரும் கீழேதான் பார்ப்பார்கள். மேலே பாருங்கள்: உச்சி விளிம்பிலிருந்து கொஞ்சம் பின்னால் தலைமுடி அளவில் ஒரு விரிசல் குறுக்கே ஓடியிருக்கும். அந்த நேரத்தைக் குறியுங்கள். பெரிய சரிவு அதன் பிறகுதான் வரும், வந்தால் சில நொடிகளில் முடிந்துவிடும்.

"விழுந்தது" என்றால் என்ன என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் விரிசலா, உச்சி ஒரு சென்டிமீட்டர் இறங்கியதா? ஓட்டத்துக்கு ஓட்டம் இது மாறினால் உங்கள் வரைபடத்துக்கு அர்த்தமே இல்லை.

10. காலமும் காசும்

ஒரு ஓட்டம் அரைநாள். ஆனால் நனைந்த மணலை வெளியே எடுத்து, தார்ப்பாயில் பரப்பி, காயவைத்து, மறுபடி கலந்து நிரப்பினால் வாரத்துக்கு இரண்டு ஓட்டம் பெரிய விஷயம். மார்ச், ஏப்ரல் வெயிலில் ஓரிரு நாளில் காயும். அக்டோபரில் காயவே காயாது. எனவே ஊர் மண் எடுப்பது, சோதனைகள், பெட்டி வேலை எல்லாவற்றையும் டிசம்பருக்குள் முடித்து, ஜனவரியில் மழையைச் சரிபார்த்து, பிப்ரவரி முதல் ஓட்டங்கள் என்று திட்டமிடுங்கள். பொங்கல் வாரத்தில் பட்டறையிலிருந்து எதுவும் வராது. மணலை இரண்டு செட்டாக வாங்கினால் ஒன்று காயும்போது இன்னொன்றை ஓட்டலாம். கூடுதல் செலவு சில நூறு ரூபாய்தான், மிச்சமாவது பல வாரம்.

செலவு தோராயமாகச் சொல்கிறேன், விலை மாறும். சட்டமும் வெல்டிங் கூலியும் பத்தாயிரத்தை ஒட்டி. கண்ணாடி, பிளைவுட் நாலாயிரம். மழை அமைப்பு மூவாயிரம். சென்சார் வகையறா இரண்டாயிரம். மணல், குட்டியானை வாடகை, தார்ப்பாய், சில்லறை என்று இன்னொரு மூவாயிரம். நாலு பேர் பிரித்தால் தாங்கும். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட உதவிக்கு விண்ணப்பிக்கலாம். கைடும் முதல்வரும் கையெழுத்திட வேண்டும். இறுதியாண்டு தொடங்கியதுமே அறிவிப்பு எப்போது என்று விசாரியுங்கள். பெட்டி கட்டிய பிறகு பணம் கேட்டுப் பயனில்லை. முழுச் செலவையும் அது ஏற்காது, சென்சார் காசு வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லா பில்லும் கல்லூரி பெயரில் இருக்கட்டும்.

11. ரிப்போர்ட்டில் எதை எழுதக் கூடாது

"மாதிரி 40 நிமிடத்தில் விழுந்தது, எனவே அசல் சரிவு இத்தனை மணி நேரத்தில் விழும்" என்று பெருக்கி எழுதாதீர்கள். ஒரே மண்ணாக இருந்தால் நீர் கசியும் நேரம் அளவு விகிதத்தோடு போகும் என்று கணக்கு உண்டு. ஆனால் நுண்துளைகளில் நீர் ஏறும் உயரம் உங்கள் பெட்டிக்காகக் குறையாது. எட்டு மீட்டர் சரிவில் இருபது சென்டிமீட்டர் ஏற்றம் ஒன்றுமில்லை. நாற்பது சென்டிமீட்டர் மாதிரியில் அது பாதி. இந்த ஒரு வரியை வரம்புகள் பகுதியில் நீங்களே எழுதிவிட்டால் வெளித்தேர்வாளரின் பாதிக் கேள்வி அடங்கிவிடும்.

எழுத வேண்டியது: ஒவ்வொரு ஓட்டத்தின் அடர்த்தி, தொடக்க ஈரம், மழையளவு, விரிசல் நேரம், சரிந்த நேரம், அந்தக் கணத்தில் டியூப் உயரம், கோலமாவுக் கோட்டிலிருந்து எடுத்த சறுக்குத்தளம். அந்தத் தளத்தை வைத்துக் கைக்கணக்கில் பாதுகாப்புக் காரணி (மண் தாங்கும் வலுவை அதை இழுக்கும் விசையால் வகுத்த எண்) போட்டுப் பாருங்கள். ஒன்றுக்குப் பக்கத்தில் வர வேண்டும். 1.8 என்று வந்தால் நாலாம் படியில் சொன்ன கோஹிஷன் எண்ணைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

வைவா முடிந்த அன்றே பெட்டியைக் காலி செய்ய வேண்டியிருக்கும். மணலை மூட்டைகட்டி, தரத்தையும் உலர் எடையையும் மேலே எழுதி ஆய்வகத்திலேயே ஒப்படைத்து, பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் இல்லாமல் சில இடங்களில் நோ டியூஸ் தருவதில்லை.